வலது தோளில் பெட்டி

இடது தோள் காலையிலிருந்தே காய்ச்சிய இரும்பை வைத்தது போல எரிந்துகொண்டிருந்தது. கழுத்து திரும்ப மறுத்தது. யாராவது கூப்பிட்டால் உடம்பு மொத்தத்தையும் திருப்ப வேண்டியிருந்தது. முதல் நாள் இறக்கிய சிமெண்டு மூட்டைகளின் வேலை அது. அப்படியும் சட்டையை மாட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினான் ரெட்டை மூட்டை. மாப்பிள்ளை ஆள் விட்டிருந்தான், கட்டாயம் வரச் சொல்லி. மாப்பிள்ளை கட்டாயம் என்றால் அதில் ஏதாவது உள்குத்து இருக்கும்.

கிடங்கில் அவனுக்கு ரெட்டை மூட்டை என்றுதான் பெயர். இளவட்டமாக இருந்தபோது ஒரு பந்தயத்துக்காக இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்கியவன். பந்தயத்தில் ஜெயித்தான், முதுகு தோற்றது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தங்கச்சி புருஷன் பழைய சாமான் வாங்கி விற்பவன். காலொடிந்த நாற்காலியோ சுற்றாத மின்விசிறியோ, அவன் கடைக்குள் போனது விலையோடுதான் வெளியே வரும். தங்கச்சி தைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய தையல் மிஷினுக்கு ஒருத்தனிடம் விலை சொன்னவன். அப்படிப்பட்டவன் சில மாதங்களாக, செத்துப்போன மாமனாரின் பட்டாளத்துப் பதக்கங்களை வாங்குவதற்காகக் கடையை மூடிவிட்டு அலைகிறான் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அப்பா கல்யாணமான புதிதில் பட்டாளத்துக்குப் போய், ஒரு போரையும் பார்த்துவிட்டு வந்தவர். அவருக்குச் சேர வேண்டிய பதக்கங்களை அவர் கடைசிவரை போய் வாங்கவே இல்லை. திரும்பி வந்ததும் கிடங்கில் மூட்டை தூக்கினார், தூக்கிக்கொண்டே கிழவரானார், செத்தார். இப்போது அம்மா பேரில் மனுப் போட்டு, மாடி ஏற முடியாத அம்மாவுக்குப் பதிலாக மாப்பிள்ளை அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினான்.

"வாங்க மச்சான், இதைப் பாருங்க" என்று ஒரு பழைய போட்டோவை நீட்டினான் மாப்பிள்ளை. "மாமாவோட ஒண்ணா இருந்தவரு ஒருத்தர் அகப்பட்டாரு. அவர் வீட்ல இருந்தது. பிரதி எடுத்து ஆபீஸ்லயும் கொடுத்துட்டேன். இதைவிட சாட்சி வேணுமா?"

லாரியிலிருந்து சிப்பாய்கள் பெட்டி இறக்குகிறார்கள். முன்னால் ஒருவன் தோளில் பெட்டியோடு நடந்து வருகிறான். தொப்பியின் நிழலில் முகம் பாதி மறைந்திருக்கிறது.

"இதுவா அப்பா?"

"பின்ன, உங்க தாத்தாவா?"

தங்கச்சி சிரித்தாள். ரெட்டை மூட்டை சிரிக்கவில்லை. போட்டோவில் பெட்டி வலது தோளில் இருந்தது.

மூட்டைக்காரனுக்குத் தோள் என்பது கையெழுத்து மாதிரி. ஒரு தோளில் பழகியவன் சாகும்வரை அதே தோளில்தான் தூக்குவான். அந்தப் பக்கம் கழுத்தோரம் சதை திரண்டு மேடு தட்டியிருக்கும். மாற்றினால் கால் தடுமாறும், லாரிப் பலகை ஏற முடியாது. அப்பா இடது தோள்காரர். மகனையும் இடது தோளிலேயே பழக்கியவர். போட்டோவில் இருந்தவனுக்கோ வலது பக்கம் மேடு தட்டியிருப்பதுகூடத் தெரிந்தது.

'எவனோ ஒருத்தனைப் பிடித்து நம்ம அப்பன் என்கிறான்' என்று அவன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். வெளியே, "நல்லாயிருக்கு மாப்பிள்ளை" என்றான்.

அதன்பிறகு மாப்பிள்ளை தும்மினால்கூட அதில் திருட்டுத்தனம் கேட்டது. ஒருநாள் சந்தையில் பழைய நாணயம் வாங்குகிறவனோடு மாப்பிள்ளை தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். இவனைக் கண்டதும் நாணயக்காரன் பேச்சை நிறுத்திக்கொண்டான். மாப்பிள்ளை மட்டும், "என்ன மச்சான், இந்தப் பக்கம்?" என்றான். அந்தக் கேள்வியே ரெட்டை மூட்டைக்குப் போதுமானதாக இருந்தது.

கிடங்கில் கூட வேலை செய்யும் மொட்டையிடம் சொன்னான்.

"யாரோட பதக்கத்தையோ எங்கப்பன் பேர்ல வாங்கி விக்கப் போறான்டா."

"உங்கம்மாகிட்ட போட்டோவைக் காட்டிக் கேட்டியா?"

"அம்மா மருமகன் பக்கம். அவன் காக்காவை வெள்ளைன்னா, ஆமா, நேத்து குளிச்சுதுன்னு சொல்லும்."

கேட்கவில்லை. நேராக முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போனான். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியம்மா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அவனை அளந்தாள்.

"அந்த போட்டோவுல இருக்கறது எங்கப்பா இல்லீங்க. எங்கப்பா இடது தோள்காரரு."

"தோளா?"

அவன் விளக்கினான். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும், "வாரிசே ஆட்சேபம் சொன்னா நாங்க நிறுத்தி வச்சுத்தான் ஆகணும்" என்றாள். "யார் சொன்னதுன்னு அவங்களுக்குச் சொல்ல மாட்டோம்."

அன்றைக்கு மூட்டைகூட லேசாக இருந்தது.

அடுத்த வாரம் அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

"உங்கப்பா பதக்கத்தை நிறுத்திட்டாங்களாமே. யாரோ ஆட்சேபம் சொன்னாங்களாம். மருமகன் நேத்து வந்து சொல்லிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு."

"தொங்கட்டும்மா. அந்த போட்டோவுல இருக்கறது அப்பாவே இல்ல. எவனோ வலது தோள்காரன்."

அம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வலதுதான்" என்றாள். "என்னைக் கட்டினப்போ அவரு வலது தோள்தான். பட்டாளத்துக்குப் போறதுக்கு முன்னாடியே மூட்டை தூக்கினவரு. குண்டு பட்டது அந்தத் தோள்ல. வந்தப்போ அந்தக் கையால தலைகூட சீவ முடியாது. நீ அப்போ பொறக்கல. வெறும் மணல் மூட்டையை வச்சுக்கிட்டு, வீட்டுக்குப் பின்னால, இடது தோளுக்குப் பழகினாரு. விழுந்து எந்திரிச்சு, விழுந்து எந்திரிச்சு. நான்தான் தூக்கி விடுவேன்."

"அந்தத் தோள்ல இருந்த தழும்பு, மூட்டைக் கொக்கி கிழிச்சதுன்னு அப்பா சொன்னாரே..."

"குண்டுன்னு தெரிஞ்சா எந்த மேஸ்திரி வேலை கொடுப்பான்? ஒடஞ்ச தோள்காரனைக் கிடங்கு வாசல்ல நிக்க விடுவானா? பதக்கத்துல ஒண்ணு குண்டடி பட்டவங்களுக்குன்னே கொடுக்கறது. அதைச் செவுத்துல மாட்டினா நம்ம சோத்துல நாமே மண்ணைப் போட்டுக்கற மாதிரின்னு சொன்னாரு. உங்க யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

அவன் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து மறுபடி ஆற்றினான்.

"இப்போ அவரும் இல்ல, மேஸ்திரியும் இல்ல. எனக்கு அதைக் கையில வச்சுப் பாக்கணும். நான்தான் மருமகனைக் கேட்டேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமேம்மா."

"உன்னைக் கேட்டா, அதை வச்சு நாக்கா வழிக்கப் போறேன்னு கேப்ப."

அது உண்மைதான். அதனாலேயே அதிகம் வலித்தது.

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினான். ஆட்சேபத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னான்.

"இன்னைக்கு அப்பா இல்ல, நாளைக்கு அப்பாவா?" என்றாள் அந்த அம்மா. "இது அவ்வளவு லேசு இல்ல. மனுவைக் கொண்டுவந்து கொடுத்தாரே, அவரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் எதிரெதிரே உக்காந்து, நான்தான் சொன்னேன், தப்பாச் சொல்லிட்டேன்னு நீங்க சொல்லணும். அப்புறம்தான் பெட்டி வெளிய வரும்."

"பதக்கம் வந்துருச்சா?"

"உள்ளதான் இருக்கு."

அங்கிருந்து மாப்பிள்ளையின் கடைக்கு நடந்தான். மாப்பிள்ளை ஒரு பீரோவோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ரெட்டை மூட்டை மறுமுனையைப் பிடித்தான். இருவரும் உள்ளே தூக்கி வைத்தார்கள்.

"எவனோ பொறாமை பிடிச்ச பய வேலை மச்சான்" என்றான் மாப்பிள்ளை, வியர்வையைத் துடைத்தபடி. "எங்கண்ணன் மேலதான் எனக்குச் சந்தேகம். அவனுக்கு நான் நல்ல பேரு வாங்கினா வயிறு எரியும். நேத்தே போய் நாலு வார்த்தை கேட்டுட்டேன். இனிமே அவன் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்."

"அண்ணனா?"

"வேற யாரு? நீங்களா பண்ணப் போறீங்க?"

சொல்லிவிட்டு மாப்பிள்ளை சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஏதாவது இருக்கிறதா என்று ரெட்டை மூட்டை உற்றுப் பார்த்தான். தெரிந்துகொண்டே கேட்கிறானோ? நாணயக்காரனிடம் என்ன பேசினான் என்பதும் இன்னும் தெரியவில்லை. அதைக் கேட்கலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கத் தனக்கு வாயில்லை என்பதும் தெரிந்தது.

"டீ சொல்லட்டுமா மச்சான்?"

"வேணாம். நாளைக்கு வரேன். ஒரு விஷயம் இருக்கு."

"இப்பவே சொல்லுங்க."

"நாளைக்கு."

பதக்கங்கள் அலுவலகத்துக்குள் கிடந்தன. அம்மாவின் கை காலியாக இருந்தது. மாப்பிள்ளைக்கும், பாவம், அந்த அண்ணன்காரனுக்கும் ரெட்டை மூட்டை ஆளுக்கொரு மன்னிப்பு பாக்கி.