முப்பத்தோராவது டின்

முப்பத்தோராவது டின் அந்த இடத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சங்கத்துக்குப் பெரிய பெயரெல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைச் சங்கம் என்போம். முப்பது பேர் இருந்தோம். ஒருவர் பழைய பால் மாவு டின்னுக்குள் சின்ன நோட்டும் பென்சில் துண்டும் போட்டு சிங்கப்பூருக்குள் எங்காவது ஒளித்து வைப்பார். ஊர் வரைபடங்களைப் பக்கம் பக்கமாக அச்சடித்த தெருப் புத்தகத்தில் அது எத்தனையாம் பக்கம், எந்தக் கட்டம், கூடவே ஒரு வரி துப்பு. இவ்வளவையும் ஒரு சீட்டில் எழுதிச் செயலாளரிடம் கொடுப்பார். மற்றவர்கள் தேடிப் போக வேண்டும். கண்டுபிடித்தவன் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டின்னை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். இடத்தின் பெயரை வைத்தவனும் சொல்லக் கூடாது, கண்டவனும் சொல்லக் கூடாது. பரிசு கிடையாது.

"பூசை முடிஞ்ச கையோட குப்பை டின்னைத் தேடிப் போற மனுஷன் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்பாள் என் மனைவி அல்போன்சம்மாள்.

குப்பையும் சாக்கடையும் எனக்குப் புதிதல்ல. முப்பத்தொரு வருடம் கால்வாய் கழுவினேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனால் எந்தப் பாலத்தின் அடியில் என்ன பிதுங்கி நிற்கும் என்று எனக்கு ஒருவன் பாடம் நடத்தத் தேவையில்லை. அதனால் சங்கத்தில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்தோணி பார்த்து இல்லை என்றால் இல்லைதான் என்பார்கள்.

செயலாளர் பெர்னார்ட். எங்கள் கோயில் பாட்டுக்குழுவில் இருப்பவன், முப்பத்தைந்து வயது, கம்பெனி ஒன்றில் கணக்கர். எண்பத்தாறில் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி அதை டெலிபோன் வயரோடு இணைத்தான். கம்ப்யூட்டர் வைத்திருந்த ஏழெட்டுப் பேர் தங்கள் வீட்டிலிருந்தே போன் போட்டு அவன் பட்டியலைப் பார்ப்பார்கள். எந்த டின்னைத் தேடினோம், கிடைத்ததா இல்லையா என்று அதிலேயே தட்டிவிடுவார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளத் தாளில் அச்சடித்துக் கொடுப்பான். எல்லாம் இங்கிலீஷ். எண்கள் மட்டும் எனக்குப் புரியும். மீதியை அவன் வாயால் சொல்வான்.

"காதர் அங்கிள் இதுவரைக்கும் பத்து டின் வெச்சிருக்காரு. எட்டு தண்ணிக்குப் பக்கத்துல. இடுப்புக்கு மேல ஒண்ணுகூட இல்ல. எல்லாமே ரோட்டுலேர்ந்து அறுபது தப்படிக்குள்ள. கண்டுபிடிக்கச் சராசரியா ஒன்பது நாள் ஆகுது."

"அவன் மனசுக்குள்ள பூந்து பார்த்தியா?"

"மனசு வேணாம் அங்கிள். எண்ணிப் பார்த்தா போதும்."

எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதன் எங்கே குனிவான், எங்கே நிற்பான் என்று பெட்டி சொல்வதா? தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேனே தவிர இரண்டு மாதம் அதைப் பிரிக்கவில்லை. பிறகு ஒருநாள் காலாங்கில் மூன்று மணி நேரம் அலைந்து ஒன்றும் கிடைக்காமல், எரிச்சலில் அதைப் பிரித்தேன். அந்த டின்னை வைத்தவன் எப்போதும் விளக்குக் கம்பத்தின் பக்கத்தில்தான் வைப்பான் என்று இருந்தது. நான்காவது கம்பத்தில் டின் இருந்தது.

அன்றிலிருந்து கெட்டேன். மாதம் ஒன்று கிடைத்துக் கொண்டிருந்த எனக்கு மாதம் நான்கு கிடைத்தது. பட்டியலில் ஏழாவது இடத்தில் இருந்தவன் இரண்டாவது இடத்துக்கு வந்தேன். இடத்தை முகர்ந்து பார்த்துத் தேடுவதை விட்டுவிட்டுத் தாளைப் பார்த்துத் தேட ஆரம்பித்தேன்.

அந்த வருடம், எண்பத்தேழு பிப்ரவரியில், தெருப் புத்தகம் புதிதாக அச்சாகி வந்தது. புதுச் சாலைகள், புது வீவக அடுக்குமாடி பிளாக்குகள் எல்லாம் சேர்த்துப் பக்கங்களை மாற்றியிருந்தார்கள். இனிமேல் புதுப் புத்தகத்தின் பக்கம்தான் என்று பெர்னார்ட் கம்ப்யூட்டரில் போட்டான். பழைய டின்களுக்கெல்லாம் பக்க எண்ணை மாற்றியும் வைத்தான். மாதாகோயில் வாசலில் எனக்குத் தாளைக் கொடுக்கும்போது, "காதர் அங்கிள் கிட்டயும் சொல்லிடுங்க, அவர் இப்ப கூட்டத்துக்கு வர்றதில்ல" என்றான்.

"சொல்லிடறேன்" என்றேன். தாளில் என் இடம் எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காதர் மைதீனுக்கு டன்லப் ஸ்ட்ரீட்டில் பாத்திரக் கடை. ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற வாய். முப்பது வருடப் பழக்கம். மார்ச்சில் அவர் கொடுத்த சீட்டுதான் முப்பத்தொன்று. பக்கம் 87, கட்டம் C. 'சின்னப் பாலத்துக்கு அடியில், இடது கைப் பக்கம், முழங்கால் உயரத்தில்.'

புக்கிட் மேராவில் அந்தக் கட்டத்தில் ஒரு கால்வாய், அதன்மேல் ஒரு சின்னப் பாலம். துப்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. தண்ணீர்ப் பக்கம், இடுப்புக்குக் கீழே, அறுபது தப்படிக்குள். தாள் சொன்ன எல்லாம் பொருந்தியது. ஏழு ஞாயிற்றுக்கிழமை போனேன். இடது, வலது, மேல், கீழ். பாசியில் வழுக்கி முழங்கையைக் கிழித்துக்கொண்டேன். பாலத்துக்கு மேலே பிளாக்கில் குடியிருந்த ஒரு சீனக் கிழவி, வாரா வாரம் என்னத்தைத் தொலைக்கிறாய் என்று மலாயில் கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெர்னார்ட் மேல் இல்லை, காதர் மேல்.

மற்றவர்களும் போனார்கள். ஜூலைக் கூட்டத்தில் பெர்னார்ட் தாளை விரித்தான்.

"இருபத்திரண்டு பேர் தேடியிருக்காங்க. ஒருத்தருக்கும் கிடைக்கல. அவரோட மத்த டின்னுக்கு ஒன்பது நாள். இதுக்கு நூத்து இருபது நாள் ஆச்சு. கணக்குப்படி பார்த்தா, அங்க டின்னே இல்ல."

வைக்காத டின்னுக்குச் சீட்டுக் கொடுத்தால் அந்த ஆளைச் சங்கத்திலிருந்து எடுத்துவிடுவோம். அவர் வைத்த எல்லா டின்னும் பட்டியலிலிருந்து போய்விடும். அதுதான் விதி. காதருக்குச் சொல்லி அனுப்பினார்கள். வந்தார். சர்க்கரை நோயில் இடது காலில் இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். கட்டுப் போட்ட காலோடு நின்றார்.

"நான் வெச்சேன்."

"எங்க அங்கிள்?"

"பக்கமும் கட்டமும் எழுதிக் குடுத்திருக்கேன். அதுக்கு மேல இடத்தோட பேரைச் சொல்லக் கூடாதுன்றது நம்ம சட்டம். உனக்காக நான் அதை உடைக்கணுமா?"

"இப்ப சொன்னா பிரச்சினை முடிஞ்சிடும் லா."

"என் வார்த்தை போதலைன்னா என் விரல் காட்டுறது மட்டும் போதுமா? முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். இல்லாத சாமானை இருக்குன்னு சொன்னதில்ல." பிறகு என்னைப் பார்த்தார். "நீ தேடினியா அந்தோணி?"

"ஏழு வாரம்."

"நீயுமா இல்லன்ற?"

"என் கண்ணுல படல. இருந்தா பட்டிருக்கும்."

தேடியவர்கள் சார்பில் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் எழுதினேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். 'நான் பார்த்தேன், டின் இல்லை.' கீழே மரியஅந்தோணி. காதர் நான் எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு டன்லப் ஸ்ட்ரீட் பக்கம் நான் போகவில்லை. செப்டம்பரில் அல்போன்சம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. காதர் கடையைக் காலி செய்கிறார், அவரும் மனைவி ஆமினா பீவியும் வெள்ளிக்கிழமை நாகூருக்கே ஒரேயடியாகப் போகிறார்கள்.

"பாவம்ங்க, பொய்க்காரன்னு பேர் வாங்கிட்டுப் போறாரேன்னு அந்தம்மா அழுறாங்க. நான் நாலு தட்டு வாங்கினேன். நீங்க போயி ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

"பொய் சொன்னது அவன். நான் என்ன பேசுறது?"

தட்டுகளைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தேன். தெருப் புத்தகத்தின் பக்கங்கள். கடையில் சாமான் அனுப்ப வைத்திருந்த பழைய புத்தகத்தைக் கிழித்துச் சுற்றியிருக்கிறார்கள். ஒரு தாளின் மூலையில் 52 என்று இருந்தது. படத்தில் இருந்தது கேலாங். என்னுடைய புதுப் புத்தகத்தை எடுத்து 52-ஐப் புரட்டினேன். கேலாங் இல்லை, வேறு ஊர்.

கையில் தட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காதர் பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். புதுப் புத்தகம் வந்ததே அவருக்குத் தெரியாது. அவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. சொல்லிடறேன் என்று தலையாட்டியவன் ஒருவன் இருக்கிறான். அவன் சொல்லவில்லை.

"தட்டு நல்லா இல்லியாங்க?" என்றாள் அல்போன்சம்மாள்.

"தட்டு நல்லாத்தான் இருக்கு."

நான்கு தட்டுக்கும் சுற்றிய தாள்களில் 87 இல்லை. அது யார் வீட்டுக் கோப்பையைச் சுற்றிக்கொண்டு போனதோ. புதன்கிழமை காலை டாக்சி ஓட்டும் வேலாயுதத்தைப் பிடித்தேன். வண்டியின் பின்பெட்டியில் பழைய புத்தகம் கிடந்தது.

"எண்பத்தேழு C-யா? கிராஞ்சி அண்ணே. அங்க கோழிப் பண்ணையெல்லாம் காலி பண்ணிட்டாங்களே, என்ன வேலை?"

"ஒரு ஆளோட மானம் அங்க கிடக்கு."

கிராஞ்சிக்கு பஸ் எப்போது வரும் என்று அந்த பஸ்ஸுக்கே தெரியாது. ஒரு மணி நேரம் நின்றேன். கடைசியில் செடிப் பண்ணைக்கு ஆள் ஏற்றிப் போன லாரியில் தொற்றிக்கொண்டேன். கட்டத்துக்குள் ஒரே ஒரு பாலம். அதன் அடியில் இறங்கி இடது பக்கம் முழங்கால் உயரத்தில் தடவினேன். ஒன்றும் இல்லை. பிறகுதான் உறைத்தது. யாருடைய முழங்கால்? காதரின் உயரத்துக்கு ஒரு சாண் மேலே கை வைத்தேன். சிமெண்டு விளிம்பில், துருப்பிடித்த பால் மாவு டின். நோட்டின் முதல் பக்கத்தில் காதரின் கையெழுத்து, மார்ச் எட்டாம் தேதி. மற்ற பக்கங்கள் வெறுமை.

டின்னைப் பைக்குள் போட்டுக்கொண்டு நேராக டன்லப் ஸ்ட்ரீட் போனேன். காதர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். டின்னை அவர் முன்னால் வைத்தேன். முகம் மலரும் என்று நினைத்தேன். அவர் டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எடுத்துட்டு வந்துட்டியா?"

"ஆதாரம் வேணும்ல?"

"உனக்கு மூளை எங்க இருக்கு? அங்க இருந்தவரைக்கும் அது ஆதாரம். இங்க இது வெறும் தகர டின். நானும் நீயும் கடையில உக்காந்து செஞ்சதுன்னு சொன்னா என்ன பதில் வெச்சிருக்க?"

எனக்கு என்னையே இரண்டு அறை அறைய வேண்டும் போல இருந்தது.

"இருந்த இடத்துல கொண்டுபோய் வை" என்றார். டீ கொடுக்கச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மறுபடியும் பஸ், மறுபடியும் காத்திருப்பு. விளிம்பில் டின்னின் அடிப்பாகம் பதிந்து ஒரு துரு வளையம் இருந்தது. அதன்மேலேயே சரியாக வைத்தேன். அன்று மாலை பெர்னார்டிடம் பழைய புத்தகம், புதுப் புத்தகம் கதையைச் சொன்னேன். டின்னை எடுத்ததையும் சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போனது.

"எடுத்திருக்கக் கூடாது அங்கிள்."

"தெரியும். நாளைக்கு லீவு போடு. நீயே வந்து பாரு."

"நான் கம்ப்யூட்டர்ல பக்கத்தை மாத்திடறேன். யாராவது ஞாயித்துக்கிழமை—"

"ஞாயித்துக்கிழமை அவன் நாகூர்ல இருப்பான்."

வெள்ளிக்கிழமை காலை பெர்னார்ட் பாலத்தின் அடியில் இறங்கினான். நான் மேலே உட்கார்ந்தேன். ஒரு சொல் உதவவில்லை. நாற்பது நிமிடம் தடவினான். சட்டையெல்லாம் சேறு. கண்டுபிடித்ததும் டின்னை மெதுவாகத் தூக்கி, விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்தத் துரு ரெண்டு நாள்ல வராதுல்ல?"

"முப்பத்தொரு வருஷம் இந்த வேலைதான் பார்த்தேன். ஒரு மழைக்காலமாவது ஆகும்."

நோட்டில் பெயரை எழுதிவிட்டு டின்னை வளையத்தின்மேல் வைத்தான். "இன்னிக்கே போட்டுடறேன் அங்கிள். எல்லாரும் பார்ப்பாங்க."

"அவன் பார்ப்பானா? வாயால சொல்லு. வா."

பஸ் வரவில்லை. பண்ணை லாரிக்காரன் புக்கிட் தீமா வரைக்கும் கொண்டுபோய் விட்டான். அங்கிருந்து டாக்சி. டன்லப் ஸ்ட்ரீட்டில் இறங்கும்போது மணி ஒன்றரை. காதர் கடையின் கதவு இறங்கியிருந்தது. வாசலில் ஒரு டாக்சி, மேலே கட்டிய பெட்டிகள். ஆமினா பீவி உள்ளே உட்கார்ந்திருந்தார். காதர் ஒரு காலை வண்டிக்குள் வைத்திருந்தார்.

பெர்னார்ட் சேற்றுச் சட்டையோடு போய் நின்றான். "காதர் அங்கிள், டின் இருக்கு. நானே பார்த்து எழுதிட்டு வந்தேன். தப்பு எங்களுது. உங்க பேரு, உங்க டின் எல்லாத்தையும் திரும்பப் போடறேன்."

"புத்தகம் மாறினதை எனக்கு ஏன் சொல்லல?"

பெர்னார்ட் என்னைப் பார்க்கவில்லை. நல்ல பிள்ளை. தரையைப் பார்த்தான்.

"அவன் சொல்லச் சொன்னான்" என்றேன். "நான்தான் சொல்லல. மறந்துட்டேன்."

காதர் வண்டிக்குள் வைத்திருந்த காலை வெளியே எடுத்தார். ஆமினா பீவி உள்ளிருந்து, "நேரமாகுதுங்க" என்றார்.

"அன்னிக்கு வாயால சொல்லலயே நீ" என்றார் காதர். "எழுதித்தானே குடுத்த?"

பெர்னார்ட் பையிலிருந்து அந்த ஓட்டை போட்ட தாளில் ஒன்றை எடுத்து, எழுதாத பின்பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினான். வண்டியின் முன்பக்கத்தில் வைத்து எழுத ஆரம்பித்தேன். 'புதுப் புத்தகம் வந்ததை நான் காதர் மைதீனிடம் சொல்லவில்லை. நான் தேடியது தப்பான இடம்.' தேடியது என்ற இடத்திலேயே கை நின்றது. டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான்.

"அடிக்காத" என்றார் காதர். "அவனுக்கு எழுத்து மெதுவாத்தான் வரும்."