நமுத்துப்போன அப்பளம்

என் வீட்டுக்காரருக்கு அப்பளம் நொறுங்க வேண்டும். குழம்பில் உப்பு கூடிப்போனால் பேசாமல் சாப்பிடுவார். கறி சரியாக வேகவில்லை என்றாலும் மென்று முழுங்கிவிடுவார். அப்பளம் மட்டும், அவர் கடித்தால் பக்கத்து மருந்துக்கடையிலிருந்து மணிமாறன் அண்ணன் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட வேண்டும். கடைப் பையனுக்குப் பதில் நான் ஸ்கூட்டியில் கடைக்குச் சோறு கொண்டுபோக ஆரம்பித்ததிலிருந்து அந்தச் சத்தம் நின்றுபோனது.

"ஏம்புள்ள ருக்சானா, இன்னிக்கும் நமுத்துப்போச்சே?"

முதலில் அப்பளக் கம்பெனியைச் சந்தேகப்பட்டு மாற்றினார். பிறகு எண்ணெயை மாற்றினார். பிறகு மளிகைக்கடைக்காரரோடு சண்டை போட்டுக் கடையையே மாற்றினார். காற்றுப் புகாத டப்பா ஒன்று வாங்கி வந்து, அதை எப்படி மூடுவது என்று எனக்குப் பாடம் நடத்தினார். என்னை மட்டும் சந்தேகப்படவில்லை. அதற்காக நான் தினமும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் கடை தபால்பெட்டி முக்கில் இருக்கிறது. பெல்ட், மணிபர்ஸ், தோல்பை. பக்ருதீன் பாய் கடை என்றால் எல்லோருக்கும் தெரியும். வீட்டிலிருந்து வத்தலக்குண்டு ரோட்டில் நேராக வந்தால் முக்கு. அங்கிருந்து பார்த்தால் வலதுபுறம் கடை வாசலில் தொங்கும் பைகள்கூடத் தெரியும். வலது பக்கம் திரும்பினால் போதும். அந்த வலது பக்கம்தான் என்னால் திரும்ப முடியவில்லை.

கொடைக்கானல் போகிற வேன், ஒட்டன்சத்திரம் போகிற காய்கறி லாரி, டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, எந்தப் பக்கமிருந்து வருகிறோம் என்று தங்களுக்கே தெரியாத பைக்குகள் எல்லாம் அந்த முக்கில்தான் சந்தித்துக்கொள்ளும். அங்கே நிற்கிற ஒரே சிகப்பு அந்தத் தபால்பெட்டிதான், அதற்கு யார் நிற்கப் போகிறார்கள்? முதல் நாள் நடுரோட்டில் இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு நின்றேன். எதிரே ஒரு பஸ் ஹாரன் அடித்த அடியில் இடது பக்கம் ஒடித்துக்கொண்டு ஓடிவந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இடது பக்கம்தான். முக்கில் இடது, கொஞ்ச தூரம் போனால் மேம்பாலம், அதற்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்து, பூ மார்க்கெட்டை ஒட்டி ஒரு சுற்று, சந்துக்குள் புகுந்து இன்னும் ரெண்டு இடது, கடைசியில் கடைக்குப் பின்னால் வந்து நிற்பேன். அதற்குள் அப்பளம் தன் ஆயுளை முடித்திருக்கும்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த ஸ்கூட்டியை வாங்க நான் மூன்று வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். "ஓட்டு. ஆனா ஒரு நாள் பயந்தேன்னு காதுல விழுந்தாலும் சாவி எங்கிட்ட வந்துரும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்தச் சாவி இருப்பதால்தான் வாரத்தில் மூன்று நாள் நான் ஆரி எம்பிராய்டரி வகுப்பு எடுக்கப் போகிறேன். என் மகள் ஹுஸ்னாவை நானே பள்ளிக்கூடத்தில் விடுகிறேன். சாவி போனால் மறுபடி ஷேர் ஆட்டோவில் யார் மடியிலோ உட்காராத குறையாகப் போக வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

இந்த ரகசியம் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து தினமும் வந்து தபால்பெட்டிக்குப் பக்கத்தில் பூக்கூடை வைக்கும் சுந்தரம்மாள் அக்கா.

"கண்ணுக்கு முன்னால கடை இருக்கு, நீ திண்டுக்கல்லயே வலம் வந்துட்டுப் போறியே தாயி" என்று சிரிப்பாள். ஆனால் யாரிடமும் சொன்னதில்லை. என்னவர் ஒரு நாள், "எங்க வீட்டுல இன்னும் காணமே, பாத்தியா?" என்று கேட்டதற்கு, "இந்தா, இப்பத்தான் போச்சு" என்றிருக்கிறாள். எந்தப் பக்கம் போனது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போன ஆவணியில் அந்த சுந்தரம்மாள் அக்காவை ஒரு பைக் தட்டிவிட்டது. தண்ணீர் வாங்க ரோட்டைக் கடந்தவளின் கால் எலும்பு முறிந்துவிட்டது. அப்போதுதான் ஊருக்கு சிக்னல் ஞாபகம் வந்தது.

மணிமாறன் அண்ணன் தலைமையில் ஒரு கூட்டம் சிக்னல் கேட்டது. முக்கில் விபத்து நடந்தால் பஞ்சும் டிஞ்சரும் விற்பது அவர் கடையில்தான். அவரே சிக்னல் வேண்டும் என்கிறார் என்றால் அதில் நியாயம் இருக்கிறதா இல்லையா? இன்னொரு கூட்டம் ரவுண்டானா கேட்டது. அதன் நடுவில் பெரிய பூட்டு வைப்பதா பிரியாணி அண்டா வைப்பதா என்று அவர்களுக்குள்ளேயே அடிதடியாகி, அந்தக் கூட்டம் கலைந்துபோனது.

எதிர்ப்புக்குத் தலைவர் யார்? முக்கு வியாபாரிகள் சங்கச் செயலாளர், என் வீட்டுக்காரர். சிக்னல் வந்தால் கடை முன்னால் வண்டி நிறுத்த விடமாட்டார்களாம். வியாபாரம் படுத்துவிடுமாம். வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது இதையே பேசுவார். "ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் சிக்னல்" என்பார். நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி வெஞ்சனத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

போக்குவரத்து இன்ஸ்பெக்டர் நாகஜோதி மேடம் எல்லோரையும் கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார். பெண்களும் வர வேண்டும் என்று சொல்லியிருந்ததால் நானும் போனேன். சுந்தரம்மாள் அக்கா என் பக்கத்தில், கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

மணிமாறன் அண்ணன் பேசினார். பிறகு என் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்தார். வியாபாரம், வாடகை, வரி என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, நிறுத்தியிருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை.

"மேடம், ஆபத்து ஆபத்துங்குறாங்க. எங்க வீட்டுப் பொம்பள தெனமும் மத்தியானம் இந்த முக்குலதான் ஸ்கூட்டியில சோறு கொண்டாருது. ஒரு கீறல் இல்ல. ஒரு பொம்பளயே அம்புட்டு சுளுவா ஓட்டும்போது சிக்னல் எதுக்கு? அந்தா உக்காந்துருக்கு, வேணும்னா கேட்டுப் பாருங்க!"

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் மேடம் மைக்கை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"சொல்லுங்கம்மா. ஒரு மணி நெரிசல்ல எப்படி ரைட்டு திரும்புறீங்க?"

ஆமாம் மேடம், சுளுவுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாவி என்னிடமே இருக்கும். அவர் மீசையும் நிமிர்ந்தபடி இருக்கும். நான் சுந்தரம்மாள் அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு தன் கட்டுக்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். கால் முறிந்து கிடக்கிற நேரத்திலும் என் ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"நான் திரும்புறதே இல்ல மேடம்" என்றேன். "பயமா இருக்கு. இடது பக்கம் போயி, பாலத்தச் சுத்தி, பூ மார்க்கெட்டச் சுத்தி, கடைக்குப் பின்னால வாரேன். ஒரு வருஷமா அப்படித்தான்."

மைக் இல்லாமலே என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"அப்ப... அப்பளம்?"

"அப்பளத்து மேல ஒரு தப்பும் இல்லீங்க."

மண்டபம் சிரித்த சிரிப்பு முக்குவரைக்கும் கேட்டிருக்கும். இன்ஸ்பெக்டர் மேடம்கூடத் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டார். சுந்தரம்மாள் அக்கா மட்டும் சிரிக்காமல் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

அன்று இரவு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் கடைக்கும் போகவில்லை. மத்தியானத்துக்கு மேலாவது போவார் என்று நான் சோறு கட்டும் நேரத்தில் கையை நீட்டினார்.

"சாவி."

கொடுத்தேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையிலேயே வைத்தார்.

"ஓட்டு. நான் பின்னால உக்காந்து சொல்லித் தாரேன். இன்னிக்கு ரைட்டு திரும்புறோம். ஊரே சிரிச்சிருச்சு."

ஒன்றை நான் இங்கே சொல்லியாக வேண்டும். இருபது வருஷமாக அந்த முக்கில் வண்டி ஓட்டுகிறேன் என்று இவர் பேசுவது பொய்யில்லை. ஆனால் அவர் கடைக்குப் போவது காலையில் ரோடு காலியாக இருக்கும்போது. திரும்புவது எல்லாக் கடையும் மூடிய பிறகு. மத்தியான நெரிசலைக் கடைக்குள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறார்.

முக்கு வந்தது. இண்டிகேட்டரைப் போட்டேன்.

"நடுவுல வா. அப்படித்தான். பயப்படாத. போ, போ... நில்லு! லாரி வருது. இப்பப் போ... ஐயோ, பஸ்ஸு, பஸ்ஸு!"

என் தோளைப் பிடித்திருந்த விரல்கள் கழுத்துப் பக்கம் ஏறின. ஒரு ஷேர் ஆட்டோ எங்கள் முன் சக்கரத்தை உரசுவதுபோல் போனது.

"லெஃப்ட்டு!" என்று கத்தினார், சங்கச் செயலாளர். "ருக்சானா, லெஃப்ட்டுல போயிரு தாயீ!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தாயி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். இடது பக்கம் திருப்பினேன். மேம்பாலத்துக்கு அடியில் நிழலில் வரும்போதுதான் அவர் விரல்கள் என் தோளை விட்டன. பூ மார்க்கெட் தாண்டும்வரை வந்த வழியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாக, "தெனமும் இம்புட்டுத் தூரமா வந்த?" என்று கேட்டார். அந்தக் குரலில் கோபம் இல்லை. எனக்குக் கண் நிறைந்து ரோடு மங்கியது.

அடுத்த வாரம் அவர் மணிமாறன் அண்ணன் பக்கம் போய்ச் சேர்ந்தார். சங்கத்தில் நாலு பேர் துரோகி என்றார்கள். "நீ ஒருநாள் ஒரு மணிக்கு உன் பொண்டாட்டி பின்னால உக்காந்து வா, அப்புறம் பேசு" என்று அவர்களை அடக்கிவிட்டார். பொங்கல் கழிந்து சிக்னல் வந்தது. வண்டிகளைப் பின்சந்தில் நிறுத்தச் சொன்னார்கள். வியாபாரம் படுக்கவில்லை. சிகப்பில் நிற்கிறவர்கள் வேறு வேலையில்லாமல் எங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சுந்தரம்மாள் அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு மறுபடி தபால்பெட்டிக்குப் பக்கத்தில் கூடையை வைத்துவிட்டாள்.

பச்சை அம்பு விழுந்து நான் முதன்முதலாக வலது பக்கம் திரும்பிய அன்று அப்பளம் நொறுங்கிய சத்தத்தில் மணிமாறன் அண்ணன் நிஜமாகவே எட்டிப் பார்த்தார்.

ஆனால் ஒன்று. ஒரு வருஷம் சுற்றிய சுற்று லேசில் விடுமா? மேம்பாலத்து நிழல், மல்லிகை வாசம், யாரும் என்னை எதற்கும் கூப்பிடாத அந்த அரை மணி நேரம். அது எனக்குப் பிடித்துப்போயிருந்தது என்பதே சிக்னல் வந்த பிறகுதான் தெரிந்தது. அதனால் சில நாள், பச்சை அம்பு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, நான் பாட்டுக்கு இடது பக்கம் போய்விடுவேன்.

நேற்று அவர் அப்பளத்தைக் கையில் பிடித்தபடி கேட்டார். "சிக்னல்தான் வந்துருச்சே, இன்னும் ஏன் நமுத்துப்போகுது?"

"சிகப்பு விழுந்துருச்சுங்க. ரொம்ப நேரம்."

அவர் வாசலுக்குப் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த விளக்கை முறைத்தார். சிகப்பு நேரத்தைக் குறைக்கச் சொல்லிச் சங்கத்தில் மனு தயாராகிறதாம். இன்ஸ்பெக்டர் மேடம் மறுபடி எல்லோரையும் மண்டபத்துக்குக் கூப்பிடுவாராம்.

இந்தத் தடவை அந்தக் கூட்டத்துக்கு நான் போவதாக இல்லை.