நூற்றுப்பன்னிரண்டு படிகள்

வாரத்தில் ஆறு நாள், ஜனங்கள் படி ஏறாமல் இருக்க வழி செய்வதுதான் அவருக்கு வேலை. லிஃப்ட் மெக்கானிக். ஏழாவது நாள் காலையில் அதே ஜனங்களில் நாற்பது பேரைத் திரட்டிக்கொண்டு ஊருக்குப் பின்னால் இருக்கும் பொதுமலையில் ஏறுவார். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். பின்னால் வருகிறவர் தங்கிவிட்டால் ஒரு ஊதல், முன்னால் போகிறவர்கள் நின்றுவிட வேண்டும். அதனால் விசில்காரர் என்றே பேர் வந்துவிட்டது. அந்தப் பேரில் அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. மறைப்பானேன்.

மலையின் அடிவாரச் சரிவைத் தனக்குக் கொடுக்கும்படி ஒரு கம்பெனி மனு போட்டிருந்தது. கிடங்கு கட்டப் போகிறார்களாம். கொடுத்துவிட்டால் வேலி போட்டுவிடுவார்கள், அப்புறம் மலைக்குப் போக வழி கிடையாது. ஆனால் சட்டத்தில் ஒரு பிடி இருந்தது. பத்து வருஷம் விடாமல் பொதுஜனத்தில் யாராவது நடந்த பாதை ஒன்று அந்தச் சரிவில் இருந்தால் அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. சரிவில் கல் பதித்த நூற்றுப்பன்னிரண்டு படிகள் இருந்தன. விசில்காரரிடம் நடைக் குழுவின் நோட்டு இருந்தது. பதினொரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள், ஒன்றுகூட விடாமல். தேதி, வந்தவர்கள் கையெழுத்து, மழையா வெயிலா, போன வழி. விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று அந்த நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பரீட்சைக்கு முழுப் பாடத்தையும் படித்துவிட்ட பையனைப் போலப் போனார்.

நில அளவை அதிகாரி நாற்பது வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் மலையின் வரைபடம் கிடந்தது. பேனா முனையை அதில் ஓரிடத்தில் வைத்தார்.

"முதல் ரெண்டு வாரம் 'படி வழி'ன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் 'குவாரி வழி'. குவாரி அந்தக் கம்பெனியோட சொந்த நிலம் சார். பதினொரு வருஷமா நீங்க அவங்க இடத்துலதான் நடந்திருக்கீங்க."

விசில்காரர் முகத்தில் ஈயாடவில்லை. இவ்வளவு ஒழுங்காக நோட்டு எழுதி, எதிராளிக்குச் சாட்சி தயார் பண்ணிக் கொடுத்திருக்கிறார்.

"படியில யாராவது நடக்கறாங்களா?" என்று அதிகாரி கேட்டார். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டு, நடக்கிறார்கள் என்று சொல்லிவிட்டது. அதிகாரி அதை எழுதிக்கொண்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகவும், நடக்கிறவர் யாரோ அவரே நடந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

குவாரி வழிக்கு மாறியதற்குக் காரணம் விசில்காரரின் அக்கா. குழு தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அக்காவுக்கு இடது முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அந்தக் கால் மடங்கவே இல்லை. ஆனாலும் நடக்க வருவார். படியில் அக்கா திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல், தம்பி விசிலை ஊதி மொத்தக் கூட்டத்தையும் சமதளமான குவாரிப் பக்கம் திருப்பிவிட்டார். எல்லோரும் அவரைத் தங்கமான தம்பி என்றார்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

விசாரணையில் நடந்ததைக் கேட்டதும் குழுவிலிருந்த பேக்கரிக்காரர் ஒரு யோசனை சொன்னார். அரிவாளோடு போய் முள்ளை வெட்டிவிட்டு, நாற்பது பேரும் நாலு தடவை ஏறி இறங்கினால் எந்தப் படியும் பழைய படியாகத் தேய்ந்துவிடும். ரொட்டிக்கு மேலே வெண்ணெய் தடவுகிற மாதிரி காரியம். விசில்காரர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் அரிவாளும் கையுமாகப் போனார்கள்.

வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு முள், நடுவில் ஒருவர் போகும் அளவுக்குச் சுத்தமான வழி. கிளைகளைச் சின்னக் கத்தரியால் யாரோ பொறுமையாக நறுக்கியிருந்தார்கள். சில நுனிகள் நேற்று வெட்டியது போலப் பச்சை, சில பல வருஷம் காய்ந்து சாம்பல் நிறம். ஆடுகிற படி ஒவ்வொன்றின் ஓரத்திலும் இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. பேக்கரிக்காரர் அதைச் சுரண்டிப் பார்த்து, பெயின்ட் இல்லை என்றார். விசில்காரர் குனிந்து பார்த்தார். அது செயற்கைப் பல்லுக்கு ஈறு செய்கிற சிவப்பு. அந்தச் சிவப்பில் கை நனைக்கிற ஒரே ஒரு ஆளைத்தான் அவருக்குத் தெரியும்.

அக்காவின் வேலையிடம் பல் மருத்துவமனைக்குப் பின்புறம் ஒரு நீள அறை. மேஜையில் வரிசையாகப் பல் செட்டுகள் ஆளில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும். தம்பி போனபோது அக்கா ஒரு கடைவாய்ப் பல்லை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"படியில நீதான் போறியா அக்கா?"

"புதன்கிழமை எனக்கு அரை நாள்தானே."

"எத்தனை வருஷமா?"

"நீ நோட்டுல குவாரி வழின்னு எழுத ஆரம்பிச்சதுலேர்ந்து."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அக்கா ராவுவதை நிறுத்தினார்.

"நாப்பது பேரும் எனக்காகச் சுத்திப் போனீங்க. அதுல ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களாடா?"

லிஃப்டில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிறவர், பேச்சை எங்கே தொடுவது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் அதிகாரி வரப்போகிற விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னார். அக்கா ஒரே வார்த்தையில் முடியாது என்றார். நின்று ஏற அவரால் ஆகாது. மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, ஒவ்வொரு படியாக உடம்பைத் தூக்கி வைத்துத்தான் ஏறுகிறார்.

"தவழற குழந்தை மாதிரி இருக்கும். அதைப் பாக்க ஊரைக் கூட்டாதே."

ஏறாவிட்டால் படியே போய்விடும் என்று தம்பி சொன்னார். அது எனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி பல்லை எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க விசில்காரர் வேலையில் கவனம் இல்லாமல் திரிந்தார். ஒரு மருத்துவமனை லிஃப்டை ஆறாவது மாடிக்குப் பதிலாக ஐந்தாவதில் நிற்கும்படி முடுக்கிவிட்டு வந்து, திரும்பப் போய்ச் சரிசெய்தார். அக்காவை இன்னொரு முறை கெஞ்சவில்லை. அவரை ஒன்றும் கேட்காமலே பதினொரு வருஷம் ஓட்டியாகிவிட்டது, இப்போது கேட்பதற்கும் வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை படியடியில் நாற்பது பேரும் கூடியிருந்தார்கள். அதிகாரி வரைபடத்தோடு வந்து, எப்போது ஏறலாம் என்று கேட்டார். விசில்காரர் உள்ளதைச் சொன்னார். நடக்கிறவர் ஒருவர் இருக்கிறார், வரச் சம்மதிக்கவில்லை. திங்கட்கிழமை முள் வெட்ட வந்ததைத் தவிர, தான் இந்தப் படியில் கால் வைத்துப் பதினொரு வருஷம் ஆகிறது. இங்கே நிற்கிற மற்றவர்களும் அப்படித்தான். பேக்கரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அதிகாரி வரைபடத்தை மடிக்கத் தொடங்கினார்.

"மடிக்காதீங்கம்மா" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். கைகளில் தோல் உறை மாட்டியிருந்தார். உள்ளங்கைப் பக்கம் இரண்டும் தேய்ந்து, வேறு துணி வைத்துத் தைக்கப்பட்டிருந்தன. கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, முதல் படியில் மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நாற்பது பேரும் அவர் முகத்துக்கு எதிரே வந்துவிட்டார்கள். யாருக்கும் நிமிரத் தைரியம் வரவில்லை, ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தரையைப் பாத்துட்டே வந்தா எப்படி? ஆடற கல்லு இருக்கு. என்னைப் பாத்து ஏறுங்க."

பார்த்தார்கள். கையை ஊன்றுவார், உடம்பு ஒரு படி ஏறும், மடங்காத கால் பின்னாலேயே இழுபட்டு வரும், கொஞ்சம் மூச்சு வாங்கும். அதிகாரி கூடவே ஏறிக்கொண்டே காய்ந்த நுனிகளையும் சிவப்புப் பொட்டுகளையும் எழுதிக்கொண்டு வந்தார். வெளுத்துப்போன பொட்டு எவ்வளவு பழசு என்று கேட்டார். அக்கா ஏறிக்கொண்டே வருஷம் சொன்னார்.

ஐம்பத்தாறாம் படியில் அக்கா நின்றார். அவர் வழக்கமாக இளைப்பாறும் இடம் போல. விசில்காரருக்குப் பழக்க தோஷம் போகவில்லை, தூக்கிவிடக் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையில் கைத்தடியை வைத்தார்.

"இதைத் தூக்கிட்டு வா. எனக்கு ரெண்டு கையும் வேணும்."

விசில்காரர் தடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு படி பின்னாலேயே வந்தார். அவருக்கு அழுகை முட்டியது. அழவில்லை, அக்கா நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சிக்குப் போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. படி வழி விடாமல் பயன்பாட்டில் இருந்திருக்கிறது, சரிவு பொது நிலமாகவே இருக்கும் என்று இரண்டு வரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசில்காரர் நோட்டைத் திறந்தார். போன வழி என்ற கட்டத்தில் எழுதப் போனவர், பேனாவை நிறுத்திவிட்டு அக்காவிடம் போய், எந்த வழி போகலாம் என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வி அவர் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை.

"நீங்க போங்கடா. கூட்டமா ஏறினா எனக்கு மூச்சு முட்டுது. புதன்கிழமைதான் எனக்குத் தோது."

விசில்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஸ்கேலை வைத்து நோட்டில் புதிதாக ஒரு பக்கத்துக்குக் கோடு போட்டு, பேனாவை அக்காவிடம் கொடுத்தார். அக்கா எழுதினார்: புதன், படி வழி, ஒரு ஆள்.