ரிவர்ஸ் பாடம்

பிரேக் மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எத்தனையோ பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ஃபைலை அழிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். எத்தனை தடவை அமுக்கினாலும் அதே பதில்தான்: ஃபைல் திறந்திருக்கிறது, மூடிவிட்டு முயலவும்.

"எங்கடா திறந்திருக்கு?" என்று திரையிடமே கேட்டார்.

ஃபைலின் பெயர் 'ரிவர்ஸ் பாடம்'. பழக வருகிறவர்களுக்கு அனுப்புவதற்காக மதியம் மைக்கில் பேசிப் பதிவு செய்தது. பாடம் முடிகிற நேரத்தில் அவருடைய அண்ணன் போன் செய்தார். பதிவை நிறுத்த மறந்து இவரும் பேச ஆரம்பித்தார். பேச்சு மச்சினன் பக்கம் திரும்பியது. மனைவியின் தம்பி, வேலை போய்ப் பின்னறையில் வந்து தங்கியிருக்கிறான்.

"தண்டச்சோறுண்ணே. சொரணை இருந்தா எப்பவோ கிளம்பியிருப்பான். உடும்பு மாதிரி பிடிச்சுக்கிட்டான்."

உண்மையில் கோபம், காலையில் ஓட்டப் பழகும்போது காரைக் கொண்டுபோய்க் கேட்டில் இடித்த பெண் மீது. திட்டு வாங்கியது மச்சினன்.

மாலையில் டீயை வாயில் வைத்தபோதுதான் மைக்கின் ஞாபகம் சுருக்கென்று வந்தது. மாஸ்டருக்கு வாக்கியத்துக்கு ஒரு செருமல் உண்டு. பாடங்களைக் கேட்டுச் செருமல்களை வெட்டிச் சுத்தம் செய்வது மச்சினன்தான். யாரும் சொல்லாமல் அவனாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. அதற்காகவே பாட ஃபோல்டரைத் தன் லேப்டாப்போடு இணைத்து வைத்திருந்தான். வழக்கமாக இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் உட்காருவான். அதற்குள் அழித்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைத்தார்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கம்ப்யூட்டரோட என்ன சண்டை?"

"ஒண்ணுமில்ல. நீ உன் வேலையப் பாரு."

திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினார். மைக் ஒயரைக்கூடப் பிடுங்கிப் பார்த்தார். அசையவில்லை. பக்கத்தில் யாரோ தாறுமாறாக ஓட்டுவதுபோல அவருடைய வலது கால் மேசைக்கடியில் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கம்ப்யூட்டரையே அணைக்கப் போனார்.

'இன்னொருவர் இணைப்பில் இருக்கிறார். அணைக்கவா?' என்று கேட்டது.

இன்னொருவரா? தலையைத் திருப்பினார். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. அடியில் வெளிச்சம் தெரிந்தது.

அணைத்தால் அவனுக்குப் பாதியில் நின்றுபோய்க் குட்டு வெளிப்பட்டுவிடும். அணைக்காவிட்டால் அவன் கடைசிவரை கேட்டுவிடுவான். இப்போது எந்த இடத்தில் இருக்கிறான், பாடத்திலா, தண்டச்சோற்றிலா? எழுந்தார், உட்கார்ந்தார், வேறு வழி தெரியாமல் அழிக்கும் பட்டனையே இன்னொரு தடவை அமுக்கினார்.

ஃபைல் மறு பேச்சில்லாமல் அழிந்தது.

இதற்காகத்தானே இவ்வளவு நேரம் தவித்தார்? இப்போது அவமானமாக இருந்தது. அவன் கேட்டு முடித்து மூடியிருக்கிறான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபோல்டரில் புதிதாக ஒரு ஃபைல் வந்து விழுந்தது: 'ரிவர்ஸ் பாடம், சரிசெய்தது'.

கதவு திறந்தது. மச்சினன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றியபடி வந்தான்.

"மாமா, பாடம் நல்லா வந்திருக்கு. கடைசியில கொஞ்சம் தேவையில்லாதது இருந்துச்சு, வெட்டிட்டேன்." சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தணித்தான். "அக்காவுக்குத் தெரிய வேணாம்."

மாஸ்டர் செருமினார்.

"இந்தச் செருமல் வெட்டுறதை நாளைக்குக் காலையில உங்களுக்கே சொல்லித் தர்றேன் மாமா. ஈஸிதான். அப்புறம் நான் இல்லாட்டியும் நீங்களே பண்ணிக்கலாம்."