அடியில் மக்கறோனி

எண்பத்தாறாம் ஆண்டு. டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் யோகமலருக்கு அன்று சோதனை நாள். ஒரு மாதப் பயிற்சி அன்றோடு முடிகிறது. வேலை நிரந்தரமாகுமா, இல்லையா என்பது அன்றைய புடிங்கில் தொங்கிக்கொண்டிருந்தது. தலைமைச் சமையற்காரி கிறேத்த நல்லவள்தான். ஆனால் ஒரு விஷயத்தில் மசியமாட்டாள். கடதாசியில் எழுதிக் கொடுத்ததைத் தானே வாசித்துச் செய்யத் தெரிந்தவள்தான் அவளுக்கு வேண்டும். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுப் பல் வைத்தியரிடம் போய்விட்டாள்.

டேனிஷ் வகுப்பில் மூன்று மாதம் குந்தியிருந்த தைரியத்தில் யோகமலர் கடதாசியை வாசித்தாள். அடுப்பே மூட்டத் தேவையில்லையாம். கண்ணாடிக் கிண்ணங்களில் அடியில் ‘மக்றோனர்’, அதன்மேல் தகர ரின்னில் அடைத்து வரும் பீச்சஸ் பழம், அதன்மேல் குளிர்ந்த பாலில் அடித்த கஸ்டாட், உச்சியில் கிறீம். முப்பது பேருக்கு. இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அலுமாரியில் மக்கறோனி பெரிய பையாக இருந்தது. பக்கத்தில் வட்ட வட்டமாகப் பாதாம் பிஸ்கட்டும் இருந்தது. அது கோப்பி நேரத்துக்கு என்று நினைத்து, இரண்டை எடுத்துத் தேத்தண்ணியோடு கடித்துக்கொண்டாள்.

அதே இல்லத்தில் துணி தோய்க்கும் வேலை செய்கிற மேரிசெலின் எட்டிப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை, இனிப்புக்கு மக்கறோனியோ?"

"நாங்களும் சேமியா போட்டுப் பாயாசம் காச்சிறமெல்லே அக்கா. இவையளும் எங்களை மாதிரித்தான்."

"ஓம், அதுவும் சரிதான். பச்சையாவே போடுறது?"

"அவிக்க வேண்டாம் எண்டுதான் எழுதிக் கிடக்கு. பாவம் மனிசி, பல்லுக்கொதியில மாறி எழுதிப்போட்டா. கிழடுகளுக்குப் பச்சையாக் குடுத்தால் இருக்கிற பல்லும் போயிடும்."

மக்கறோனியைப் பாலும் சீனியும் விட்டுக் குழைய அவித்து, ஆறவைத்து, அடுக்கடுக்காகப் போட்டாள். ஏலக்காய் இல்லை என்பதுதான் ஒரே மனக்குறை. கிறேத்தவின் பிழையைத் திருத்திவிட்ட பெருமையில் முகம் பூரித்துப்போயிருந்தது.

மத்தியானம் கிறேத்த ஒரு கன்னம் வீங்கி வந்துசேர்ந்தாள். மிச்சமிருந்த கிண்ணத்தில் கரண்டியை அடிவரை விட்டாள். கரண்டியில் மக்கறோனி வந்தது. அதை அப்படியே கிண்ணத்துக்குள் விட்டாள். பிறகு அலுமாரியிலிருந்து பிஸ்கட் பையை எடுத்து வந்து, அதில் அச்சிட்டிருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினாள். மக்றோனர். ஒரு மாதப் பாடு ஒரே ஒரு சொல்லில் போய்விட்டதே என்று யோகமலருக்கு அழுகை முட்டியது.

சாப்பாட்டு அறையிலோ கதை வேறாக இருந்தது. எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்கிற கிழவர் ஒருவர், கிண்ணத்தை வழித்துத் துடைத்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டு ஆளனுப்பினார். அந்த இல்லத்துக்கு வந்த பிறகு கடிக்காமல் சாப்பிட்ட முதல் இனிப்பு இதுதானாம்.

கிறேத்த அதைக் கேட்டுப் புருவத்தை உயர்த்தினாள். "இது உன் நாட்டு முறையா?"

"ஓமெண்டு சொல்லு. ஆருக்குத் தெரியப்போகுது?" என்று மேரிசெலின் தமிழில் குசுகுசுத்தாள்.

ஒரே ஒரு ஓம். வேலை கையில். அந்தச் சொல் யோகமலருக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பிழை விடுகிற நேரமெல்லாம் நாட்டை இழுத்துக்கொண்டு வர முடியுமா?

"இல்லை," என்றாள், தனக்குத் தெரிந்த டேனிஷில். "பிழையாக வாசித்துவிட்டேன். நீங்கள்தான் பிழையாக எழுதினீர்கள் என்றும் நினைத்தேன்."

கிறேத்த வீங்கிய கன்னத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க நொந்தது, நோக நோகச் சிரித்தாள். பிறகு மளமளவென்று ஏதோ சொன்னாள். யோகமலருக்குப் பிடிபட்டவை இரண்டே சொற்கள், திங்களும் ஏழும். வேலைக்கு வரச் சொல்கிறாளா, பயிற்சி முடித்ததற்கான கடதாசியை வந்து வாங்கிப் போகச் சொல்கிறாளா? வேறு நாளென்றால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கவலைப்பட்டிருப்பாள். அன்று கேட்டேவிட்டாள்.

"எனக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம் சொல்லுங்கள்."

கிறேத்த ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். "திங்கட்கிழமை, ஏழு மணிக்கு, வேலைக்கு வா. வேலை உனக்குத்தான்."

இந்த முறை ஒரு சொல்லும் தப்பாமல் விளங்கியது. ஆனாலும் கேட்க நன்றாக இருந்ததால், விளங்கவில்லை என்று மறுபடியும் சொன்னாள்.