பலகை கேட்டவள்

வெருகல் ஆற்றில் கம்பனி ஒன்று மணல் அள்ளித் தோண்டிய கிடங்கு, அந்த ஆழப் பள்ளம், ஊரார் இறங்கும் துறைவரை வந்துவிட்டது. அங்கே 'ஆழம்' என்று பலகை வைக்கச் சொல்லி, மனித உரிமைப் பணியாளர் சுதர்ஷினி கம்பனியோடு ஒரு வருடம் மல்லுக்கட்டி வென்றாள்.

அடுத்த மாதம் யோகராசா தாயின் சாம்பலைக் கரைக்க அந்தத் துறையில்தான் இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் நின்று கரைப்பது அவர்கள் முறை. பலகைக்குப் பயந்து பெற்றவளைக் கரையிலா கொட்டுவான்? கிடங்கு ஆளை விழுங்கிவிட்டது.

விசாரணையில் கம்பனி வழக்கறிஞர் சுதர்ஷினியைக் கைகாட்டினார். "பலகை வச்சிருக்கிறம். இந்த மிஸ் கேட்டுத்தான் வச்சனாங்கள்."

வெளியே வந்ததும் யோகராசாவின் மனைவி இரத்தினேஸ்வரி சுதர்ஷினியின் கையைப் பிடித்தாள்.

"ஏன் தங்கச்சி, கிடங்கை மூடச் சொல்லி நீங்கள் கேக்கேல்லையோ?"