கேனன் நிறம்

கனடாவில், ஸ்காபரோவில் கலியாண வீடியோ எடுக்கிறவனிடம் சனம் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கேனன் கலர் வருமோ? கேனன் கமராவில் எங்கள் முகங்களுக்கு ஒரு இளஞ்சிவப்பு விழும். அதில் மயங்காத பெண்வீட்டாரை நான் இன்னும் காணவில்லை. என்னிடம் இருந்ததோ ஒரேயொரு கேனன். பெண்கள் பக்கம் வைக்கிற இரண்டாவது கமரா வேறு கொம்பனி. அதில் எல்லோரும் காய்ச்சலில் கிடந்து எழும்பியவர்கள் போலத் தெரிவார்கள். அந்தப் படத்தைக் கம்பியூட்டரில் போட்டுக் கேனன் மாதிரி ஆக்குவதிலேயே ஸமீம் என்கிற என் சீவியம் போகிறது.

2009 மே ஒன்பதாம் திகதி சஜிதாவின் கலியாணம். ஊரில் யுத்தத்தின் கடைசி நாட்கள். மண்டபமோ போன வருசமே பதிந்தது. மேளம் அடித்தபோதும் ஒருவரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் மறுநாள் யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்துக்கொண்டு நின்றார்கள். பெண்ணின் தகப்பன் பத்மநாதன் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். பெப்ரவரிக்குப் பிறகு அவரிடமிருந்து போன் இல்லை. தாரை வார்த்தது சித்தப்பா. தாய் அருள்நாயகி அக்கா பெண்கள் பக்கத்தில் நின்று அழுதபடியே இருந்தார்.

பதினெட்டாம் திகதி யுத்தம் முடிந்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் மல்வேர்ன் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் முகாம்களில் இருப்பவர்களின் பட்டியல்தான் பேச்சு. அக்கா போனில் ஒரு உதவி கேட்டார். புருசன் வந்தால் முதலில் பார்க்கப்போவது இந்த வீடியோவைத்தானாம். அதில் தான் அழுத கண்ணோடு இருக்கக் கூடாது, அந்தச் சிவப்பை எடுத்துவிட முடியுமா என்றார். முடியாதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேலையோ சனியன் பிடித்த வேலை. ஐயரின் வேட்டியைக் காட்டித்தான் இதுதான் வெள்ளை என்று இரண்டாவது கமராவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். வேட்டியில் பட்டிருந்த மஞ்சளையும் கமரா வெள்ளையென்று எடுத்துக்கொண்டதால் படம் முழுக்க நீலம். நீலத்தைக் குறைத்து, பச்சையை இறக்கி, சிவப்பைக் கூட்டியபோது கேனன் வந்தது. கூடவே அக்காவின் கண்களும் இன்னும் சிவந்தன. ஆகவே அவர் வருகிற இடங்களில் கடும் சிவப்பை மட்டும் பிடித்து வடித்தேன். சேலை பச்சை என்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கண் வெளுத்தது. நாலு நாள் அலுப்பில் அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை.

ஜூனில் ஒரு ஞாயிறு மத்தியானம் தாயும் மகளும் நான் வேலை செய்கிற பேஸ்மென்ருக்கு வீடியோ பார்க்க வந்தார்கள். நிறம் அப்படியே கேனன்தான் என்று சஜிதாவுக்குச் சந்தோசம். பெண்கள் பக்கக் காட்சி வந்ததும் அக்கா கதிரையை முன்னுக்கு இழுத்தார். நான் அவ்வளவு பாடுபட்ட கண்ணை அவர் பார்க்கவில்லை.

“தம்பி, உங்களுக்கு ஆர் சொன்னது?”

எனக்கு விளங்கவில்லை. எதை என்று கேட்டேன். அவர் திரையில் தன் நெற்றியை விரலால் தொட்டார். குங்குமம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். கண்ணில் வடித்த சிவப்போடு அதுவும் போயிருந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் பொட்டு வைப்பதில்லை. பதினைந்து வருசம் கலியாண வீடுகளில் நின்றும் அந்த இடத்தைக் கவனிக்கிற பழக்கம் எனக்கு வரவில்லை. எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணுக்குச் செய்யப்போய்ப் பிழையாகிவிட்டது என்று தடுமாறினேன்.

தான் என்ன கேட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சஜிதா தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கதிரையில் இருந்த அக்காவின் நெற்றியில் அன்றைக்கும் குங்குமம் இருந்தது.

“அம்மா, ஆர் என்ன சொன்னது?”

நான் செய்த மாற்றத்தை நீக்கினேன். திரையில் கண்ணும் பொட்டும் ஒன்றாகச் சிவந்தன.

“உதை உப்பிடியே விடுங்கோ, தம்பி” என்றார் அக்கா. பிறகு மகளின் கையைப் பிடித்தார்.

“போன கிழமை முகாமில இருந்து ஒரு பெடியன் போனில கதைச்சவன், பிள்ளை. அப்பாவைக் குழி வெட்டித் தாட்டது அவன்தானாம். உன்ர கலியாணத்துக்கு முதல் நாள்.”